வலைப்பதிவுக்கு ஆள் வைத்து எழுதுவிப்பது: திருகோணமலையில் யாராவது செய்கிறீர்களா?

உவர்மலையான்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே பக்கம் வரும் வெளிநாட்டுக்காரருக்காக ஆங்கிலத்தில் ஒரு வலைப்பதிவு நடத்துகிறேன். வருமானம் இரண்டு வழி: கூகுள் தருகிற ஆட்சென்ஸ் விளம்பரம், ஹோட்டல் பதிவுத் தளங்கள் தரும் கமிஷன். பகலில் அலுவலக வேலை. இரவில் பிள்ளைகள் படுத்த பிறகுதான் எழுத உட்காருவது. மாதத்துக்கு இரண்டு பதிவு போட்டாலே பெரிய விஷயம்.

எங்கள் கரைக்கு சீசன் ஏப்ரலில் தொடங்கி செப்டெம்பரோடு முடிந்துவிடும். ஒரு பதிவு கூகுளில் மேலே ஏறச் சில மாதங்கள் எடுக்கிறபடியால், சீசனுக்கு வேண்டியதை இந்த மழைக்காலத்திலேயே போட்டு வைக்க வேண்டும். தனியாளாக அது நடக்காது. எழுதுகிற வேலையை வெளியே கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். புறாத்தீவு, கன்னியா வெந்நீரூற்று, உப்புவெளி யுத்த மயானம், திமிங்கிலம் பார்க்கப் போவது, மாபிள் பீச், மூதூர்ப் பக்கம் என்று பட்டியல் கையில் இருக்கிறது.

சொல்லுக்கு இவ்வளவு என்று கொடுப்பதா, கட்டுரைக்கு இவ்வளவு என்றா? உள்ளூர் ஆட்களா, ஃபைவர், அப்வேர்க் மாதிரி இணையத்தில் ஆள் எடுக்கிற இடத்தில் பிடிப்பதா? யாருடைய பெயரில் போடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடிப் பெடியன்

இதுக்கு ஏன் அண்ணா ஆள்? சாட்ஜிபிடியிடம் கேளுங்கோ, ஒரு மணித்தியாலத்தில் பட்டியல் முழுக்க முடிஞ்சிடும்.

கிண்ணியாக்காரன்

கல்லடித் தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் தந்ததை அப்படியே போட்டால் வேலைக்கு ஆகாது. என் முறையைச் சொல்கிறேன்.

நான் கைபேசிகளை ஒப்பிட்டு எழுதும் ஒரு தளம் வைத்திருக்கிறேன். இப்போது நான் எழுதுவதே இல்லை. தலைப்பு, கீவேர்ட் (மக்கள் கூகுளில் தேடுகிற சொல்), உபதலைப்புகள், எத்தனை சொல், எந்தப் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும் எல்லாவற்றையும் ஒரு கூகுள் டொக்கில் போட்டு எழுதுகிறவருக்கு அனுப்புவேன். சொல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. வந்ததும் ஒருவர் திருத்துவார், இன்னொருவர் வேர்ட்பிரஸ் மென்பொருளால் தளத்தில் ஏற்றுவார். எனக்கு மிஞ்சுகிற நேரத்தில் அடுத்து எதைப் பற்றி எழுதுவிக்கலாம் என்று பார்ப்பேன். வியாபாரம் என்றால் அதுதான். எல்லாவற்றையும் தானே எழுதுகிறவர் வியாபாரம் செய்யவில்லை, இன்னொரு வேலைக்குப் போகிறார், அவ்வளவுதான்.

காசுக் கணக்கையும் பாருங்கள். சொல்லுக்கு இரண்டு ரூபாய், 1500 சொல் என்று வைத்துக்கொள்வோம். 3000 ரூபாய், கிட்டத்தட்ட பத்து டொலர். ஆயிரம் பார்வைக்கு இரண்டு டொலர் விளம்பரத்தில் வருகிறது என்றால் ஐயாயிரம் பார்வையில் போட்ட காசு வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். இப்படி ஐம்பது கட்டுரை இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

சாம்பல்தீவு

நான் எழுதிக் கொடுக்கிற பக்கம். வளாகத்தில் படித்து முடித்த நாளிலிருந்து வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துத்தான் உழைக்கிறேன். கிண்ணியா நானாவின் கணக்கை எங்கள் பக்கத்திலிருந்தும் ஒருக்கால் பார்ப்போம்.

3000 ரூபாய்க்கு புறாத்தீவு பற்றி 1500 சொல் கேட்கிறீர்கள். நிலாவெளிக்குப் போக வேண்டும், படகுக்குக் கொடுக்க வேண்டும், வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கட் எடுக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும். வந்து எழுத இன்னொரு நாள். எனக்கு என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது. அதனால் நான் போக மாட்டேன். வீட்டில் இருந்து, கூகுளில் முதலில் வருகிற ஐந்து பக்கத்தைத் திறந்து, ஒன்றிலிருந்து முன்னுரை, ஒன்றிலிருந்து கட்டண விவரம், ஒன்றிலிருந்து பவளப் பாறை என்று எடுத்து, வசனத்தை மாற்றிக் கலந்து தருவேன். மலிவு எழுத்து எல்லாம் இப்படித்தான் உருவாகிறது, நானா. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். கொடுக்கிற காசுக்கு அதற்கு மேல் செய்ய இயலாது.

அந்த ஐந்து பக்கமும் அதே முறையில் வந்தவைதான் என்பது அடுத்த கூத்து. ஒருவர் விட்ட பிழை எல்லோரிடமும் இருக்கும். மூழ்கிக் கிடக்கிற ஹெர்மிஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலைத் திருகோணமலையில் சுழியோடிப் பார்க்கலாம் என்று எத்தனை இடத்தில் வாசித்திருக்கிறேன். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் வந்தபோது அது திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டிருந்தது, ஓம். ஆனால் மூழ்கினது மட்டக்களப்புக்கு நேரே. அதை நம்பி இங்கே வந்து இறங்குகிற வெள்ளைக்காரன் உங்கள் தளத்துக்குத் திரும்பி வருவானா?

கிண்ணியாக்காரன்

தங்கச்சி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எனக்கு எழுதுகிற யாரும் அந்தப் போனைக் கையால் தொட்டதில்லை. தேவையும் இல்லை. பட்டரி எவ்வளவு, கமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைக் கம்பனியே சொல்கிறது. ஒழுங்காக அடுக்கித் தந்தால் வாசிக்கிறவருக்கு அது உதவி. எல்லாப் பொருளுக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள்.

பழைய பதிவர்

தம்பி உவர்மலையான், இந்தச் சண்டை புதிதில்லை. டிமாண்ட் மீடியா என்று ஒரு அமெரிக்கக் கம்பனி இருந்தது, ஈஹவ் தளம் அவர்களுடையது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணினியில் பார்த்துத் தலைப்பு உண்டாக்குவார்கள். ஆயிரக்கணக்கான வெளி எழுத்தாளர்களுக்குக் கட்டுரைக்குப் 15 டொலர் அளவில் கொடுத்து எழுதுவிப்பார்கள். 2011 ஜனவரியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது முதல் நாளிலேயே நியூயோர்க் டைம்ஸை விடக் கூடின மதிப்பு. அடுத்த மாதமே கூகுள் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டு வந்தது. விஷயம் மெலிந்த பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளுவதுதான் அதன் வேலை. அந்தக் கம்பனி அதற்குப் பிறகு பழைய நிலைக்கு எழும்பவே இல்லை.

2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் (குப்பைப் பக்கம்) விதிகளைத் திருத்தியது. தேடலில் மேலே வருவதற்காகவே, வாசகருக்குப் பிரயோசனமில்லாத பக்கங்களைப் பெருவாரியாக உற்பத்தி செய்வது குற்றம் என்று அதில் இருக்கிறது. இயந்திரம் எழுதினாலும் சரி, ஆள் எழுதினாலும் சரி, இரண்டும் சேர்ந்து எழுதினாலும் சரி. கிண்ணியாக்காரனின் ஐம்பது கட்டுரைக் கணக்கில் இது ஏறவில்லை.

இன்னொன்று. 2022 டிசம்பரில் கூகுள், தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்கிற தன் மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில் 'அனுபவம்' என்பதையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. எழுதினவர் அந்த இடத்துக்குப் போனவரா, அந்தப் பொருளைப் பாவித்தவரா என்று பார்க்கச் சொல்கிறது. சுற்றுலா எழுதுகிறவருக்கு அதுதான் முதல் கேள்வி.

கல்லடிப் பெடியன்

அப்ப சாட்ஜிபிடி சரிவராது எண்டுறீங்களா?

பழைய பதிவர்

மொழி திருத்த, உபதலைப்பு யோசிக்க நானும் பாவிக்கிறேன். ஆனால் இயந்திரத்தால் முழுதாக எழுதக்கூடிய பதிவுக்கு இனி ஆட்கள் வருவதே குறையும், தம்பி. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, கூகுள் தேடல் பக்கத்தின் தலையிலேயே தானாக எழுதின பதிலைப் போடுகிறது. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ரயில் இருக்கிறதா என்று கேட்டால் அங்கேயே பதில். உங்கள் பக்கத்தைத் திறப்பதற்கு அவனுக்கு என்ன காரணம்?

ஸ்காபரோ கோணேசன்

உவர்மலையில் எந்தப் பக்கம் தம்பி? கோட்டைக்குள்ளே மான்கள் இன்னும் திரியுதா?

உவர்மலையான்

திரியுது அண்ணை. வாசலிலேயே நிற்குது. இழையைத் திருப்பிப் போடாதையுங்கோ :)

பாலையூற்று ரீச்சர்

நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. இரண்டு தளங்களுக்குக் கட்டுரை திருத்திக் கொடுக்கிறேன். யாரும் இன்னும் தொடாத செலவு ஒன்று இருக்கிறது: திருத்துகிற நேரம்.

மலிவாக வாங்கின கட்டுரையில் இலக்கணத்தைச் சரிசெய்வது சின்ன வேலை. தகவலைச் சரிபார்ப்பதுதான் ஆளைக் கொல்லும். பிரெட்ரிக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டினதாக எழுதி வருவார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் பாவித்துக் கட்டினது. ஒல்லாந்தர் பிறகு திருத்திக் கட்டினார்கள். பெயர் வைத்தது ஆங்கிலேயர், 1803இல். ஒரே வசனத்தில் மூன்று ஆட்சியையும் குழப்பி வைத்திருப்பார்கள். டிசம்பரில் குடும்பத்தோடு நிலாவெளிக்கு வந்து குளியுங்கள் என்று எழுதுவார்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்து, தண்ணீர் கலங்கிக் கிடக்கிற நேரம் அது. மாபிள் பீச்சை உப்புவெளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். அது சீனன்குடாப் பக்கம், விமானப்படை நடத்துகிற இடம்.

ஒவ்வொன்றையும் பிடித்துத் திருத்த உங்கள் இரவு போய்விடும், தம்பி. 3000 ரூபாய்க் கட்டுரைக்கு உங்களுடைய மூன்று மணித்தியாலத்தையும் விலையாகச் சேருங்கள். தானே எழுதியிருக்கலாம் என்று தோன்றும்.

அதோடு, விலை, விதி, நேரம் மாறுகிற விஷயங்களை ஒருமுறை எழுதி வாங்கினால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2024இல் இலங்கை விசாவுக்கு நடந்தது தெரியும்தானே. ஏப்ரலில் புது முறை, ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது, செப்டெம்பர் கடைசியில் பழைய ஈடிஏ முறை (இணையத்தில் முன்கூட்டியே அனுமதி எடுப்பது) திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் விசா பற்றிய கட்டுரை எல்லாம் இரண்டு தடவை பொய்யாகின. எழுதிக் காசு வாங்கினவர் அதைத் திரும்பிப் பார்ப்பாரா? புதுப்பிப்பதற்கும் சேர்த்துப் பேசாவிட்டால் பார்க்க மாட்டார்.

உவர்மலையான்

ரீச்சர், அப்படியென்றால் வெளியே கொடுக்காதே என்கிறீர்களா? பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் நான் எத்தனை தரம் போக முடியும்? வளர வேண்டும் என்றால் என் இரண்டு கை போதாது.

சாம்பல்தீவு

கொடுங்கள் அண்ணா. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை மாற்றுங்கள். சொல்லை எண்ணிக் கொடுத்தால் சொல் வரும், 800 சொல்லில் சொல்லக்கூடியதை 1500க்கு இழுத்துத் தருவோம். கட்டுரைக்கு ஒரு தொகை, போய்வரும் செலவு தனியாக, குறைந்தது பத்துப் படம், அதுவும் அன்றைக்குத் தன் போனில் எடுத்தது என்று பேசுங்கள். போகாமல் எழுதவே இயலாத மாதிரிக் கேள்விகளாகக் கேளுங்கள். கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறது, சூடு ஒன்றுக்கொன்று வித்தியாசம் என்பதை எவரும் எழுதுவார். உடுப்பு மாற்ற எங்கே போவது, வயதானவரால் நடக்க இயலுமா, வாளி கொண்டு போக வேண்டுமா, எந்த நேரம் சனம் குறைவு? இவற்றைக் கேட்டால் நான் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'மாதிரிக்கு ஒன்று எழுதித் தாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்' என்று கேட்காதீர்கள். ஒரு தளம் அப்படிக் கேட்டு, எழுதிக் கொடுத்த பிறகு பதிலே இல்லை. ஒரு மாதம் கழித்து அந்தக் கட்டுரை வேறொரு பெயரில் அவர்களுடைய தளத்தில் கிடந்தது. பரீட்சைக் கட்டுரைக்கும் காசு கொடுங்கள்.

கிண்ணியாக்காரன்

போக்குவரத்தும் சேர்த்து 12,000 ரூபாய் ஆகும். 40 டொலர். நான் போட்ட அதே கணக்கில் இருபதாயிரம் பார்வை வேண்டும். அறுகம்பே பற்றி அத்தனை பேர் வாசிப்பார்கள். உப்புவெளி மயானத்தை யார் வாசிப்பார்?

பழைய பதிவர்

பார்வையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். இவருக்கு ஹோட்டல் கமிஷனும் இருக்கிறது. ஓர் அறைப் பதிவுக்கு நாலு டொலர் வரும் என்று வைத்தால், பத்துப் பேர் அறை எடுத்தாலே 40 டொலர் வந்துவிடும். மயானத்தைத் தேடி வாசிக்கிறவர் யார் என்று யோசியுங்கள். பாட்டனுடைய கல்லறையைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வரத் தயாராக இருக்கிறவர். வந்தால் பக்கத்தில்தான் தங்குவார். சும்மா படம் பார்த்துப் போகிற ஆயிரம் பேரை விட அவர் ஒருவர் மேல்.

மூதூர்க் கணக்கர்

காசுப் பக்கம் சில விஷயம், சுருக்கமாக.

உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் வேலையின் பகுதியாக எழுதினால் பொருளாதார உரிமை, அதாவது எழுத்தை வெளியிட்டுக் காசாக்கும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உங்களுக்கு. வெளியாள் எழுதினால் அப்படி இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை முதலில் எழுதினவருக்கு. அதை உங்களுக்கு மாற்றுவது எழுத்தில், இரு பக்கமும் கையெழுத்து வைத்து இருக்க வேண்டும். காசு கொடுத்துவிட்டேன், எனவே என்னுடையது என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்தக் கட்டுரை, எவ்வளவு காசு, உரிமை யாருக்கு, படங்களும் சேர்த்தா, பெயர் போடுவதா.

எழுத்தாளருக்குக் காசை வங்கியால் அனுப்புங்கள், பற்றுச்சீட்டு வைத்திருங்கள். 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் சேவை செய்து டொலரில் வருகிற வருமானத்துக்கும் வரி உண்டு, உச்ச வீதம் நூற்றுக்கு 15. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனியாள் நிவாரணம் இருக்கிறது, அதுவரை வரி இல்லை. அலுவலகச் சம்பளமும் அதே கணக்கில்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். எழுத்தாளருக்குக் கொடுத்தது செலவாகக் கழிய வேண்டுமென்றால் அந்தப் பற்றுச்சீட்டு வேண்டும்.

உவர்மலையான்

நன்றி கணக்கர் ஐயா, இது எனக்கு ஓடவே இல்லை. பெயர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தளம் முழுக்க என் பெயரில்தான் ஓடுகிறது. திடீரென்று வேறு பெயர் வந்தால் வாசகர் என்ன நினைப்பார்?

பாலையூற்று ரீச்சர்

பெயர் போடாமல் எழுதிக் கொடுப்பது பழைய தொழில், அதில் களவு இல்லை. ஆனால் அவர் போன பயணத்தை 'நான் போனேன், நான் கண்டேன்' என்று உங்கள் பெயரில் போடுவது வேறு. அதைச் செய்ய வேண்டாம். 2023 நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேட்டட் என்ற அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகையின் தளத்துக்கு நடந்தது தெரியுமா? வெளிக் கம்பனி ஒன்று கொடுத்த கட்டுரைகளுக்கு இல்லாத ஆட்களின் பெயரும், கணினி செய்த முகமும் போட்டிருந்தது வெளியே வந்தது. அத்தனை வருடப் பத்திரிகைக்கு ஒரு நாளில் மானம் போனது.

சாம்பல்தீவு

பெயர் போட்டால் நான் குறைந்த காசுக்கும் எழுதுவேன். அடுத்த வேலைக்குக் காட்ட எனக்கு ஒன்று இருக்கும். சிலருக்குப் பெயர் வேண்டாம், காசுதான் வேண்டும். ஆளைக் கேளுங்கள்.

கிண்ணியாக்காரன்

சரி, நானும் ஒன்று சொல்கிறேன், இது உங்கள் பக்கத்துக்குத்தான் உதவும். எழுதத் தெரிந்தவருக்கு இடம் தெரியாது, இடம் தெரிந்தவருக்கு எழுத வராது, ஆங்கிலம் சுத்தமாக வராது. நிலாவெளிப் படகுக்காரரைக் கேளுங்கள். எந்த மாதம் தண்ணீர் தெளியும், காலையில் எத்தனை மணிக்குப் பிறகு காற்று எழும்பும், புறாத்தீவில் எந்தப் பக்கம் சுறாக்குட்டி வரும் என்று மடமடவென்று சொல்லுவார். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு தொகை கொடுங்கள், சும்மா வாங்காதீர்கள். அதை எழுத்தாளரிடம் கொடுங்கள். திமிங்கிலத்துக்கும் அதே மாதிரித்தான், தினமும் கடலுக்குப் போகிறவர் சொல்லட்டும். நீங்கள் போகாத அறுகம்பேக்கு அங்கே சேர்ஃப் பலகை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு பெடியனைப் பிடியுங்கள்.

சாம்பல்தீவு

நானா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே :)

பழைய பதிவர்

இது நல்ல வழி. படகுக்காரர் சம்மதித்தால் அவர் சொன்னதாகவே போடுங்கள். அவருடைய படகுக்கும் ஆள் வரும், அடுத்த தடவை கேட்காமலே செய்தி தருவார்.

தம்பி, ஒன்றிரண்டோடு தொடங்குங்கள். ஒரே நேரத்தில் ஐந்து எழுத்தாளரைப் பிடித்தால் ஐந்து பேரையும் திருத்திக்கொண்டு இருப்பீர்கள். வெளியே கொடுப்பதற்கு முதலில் உகந்தது உங்கள் பழைய பதிவுகளைப் புதுப்பிக்கிற வேலை. கட்டணம் மாறினதா, படகு நேரம் மாறினதா, மூடின ஹோட்டலுக்கு இணைப்பு இருக்கிறதா என்று ஒருவர் பார்த்து வரட்டும். அதைச் செய்கிற விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

உவர்மலையான்

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப் போகிறேன். புறாத்தீவும் திமிங்கிலமும் கடல் அடங்கும்வரை நிற்கட்டும். நிலாவெளியில் தெரிந்த படகுக்காரர் ஒருவர் இருக்கிறார், இந்தக் கிழமையே குரல் பதிவு கேட்கிறேன். முதலில் கன்னியாவும் யுத்த மயானமும். கட்டுரைக்கு ஒரு தொகை, பாதி முன்பணம், பயணச் செலவு தனி, எழுதினவர் பெயர் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் அதற்கும் காசு. கணக்கர் சொன்ன கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். ரீச்சர், இரண்டையும் நீங்கள் பார்த்துத் தருவீர்களா, உங்கள் கட்டணத்துக்கு? சாம்பல்தீவு தங்கச்சி, உங்களுக்கு விருப்பமென்றால் தனிமடல் போடுங்கள்.

பாலையூற்று ரீச்சர்

பார்க்கலாம் தம்பி. மயானக் கட்டுரையில் கல்லறைகளின் பெயர் வரும் இடத்தில் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது, கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு

தனிமடல் போட்டிருக்கிறேன் அண்ணா. கன்னியாவுக்குச் சனிக்கிழமை விடியவே போகிறேன், பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் வந்து இறங்குவதற்கு முன்னம். நேரத்தோடு போனால் சனம் எப்படி, பிந்திப் போனால் எப்படி என்று இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம். முன்பணம் வெள்ளிக்குள் போட்டுவிடுங்கள்.